மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை

எர்சிலியா ஒல்செஸே ஒரு நாளைக்கு நானூறு தடவை மூச்சை இழுத்துப் பிடிப்பாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

இத்தாலியில், ரெக்கோவிலிருந்து கமோலிக்குப் போகும் சாலையில், அவ்வளவு அழகான கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது கஜ்ஜேரோ ரப்பர் ஆலை. அங்கே செய்கிற, முங்குகிறவர்கள் கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளும் கடல் மாஸ்க் ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போவதற்கு முன் ஒரு பெண்ணின் முகத்தில் ஏறி இறங்க வேண்டும். தலையைச் சுற்றும் வாரை மாட்டக்கூடாது. மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து, கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிய வேண்டும். ஒரு "அருள் நிறைந்த மரியே" முழுதாகச் சொல்லி முடிக்கிறவரை அது முகத்தைவிட்டு விழக்கூடாது. "ஆமென்" வரை நின்றால் பெட்டிக்கு. நடுவில் மடியில் விழுந்தால் கத்திக்கு.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் பால்மீரா கம்யூனிஸ்ட். மரியன்னையிடம் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை, ஆனால் வேலை நேரத்தில் ஜெபம் சொன்னால் அது முதலாளிக்கு இலவசமாகப் போய்விடுகிறது என்பது அவள் வாதம். அதனால் அவள் தொழிற்சங்கத்தின் ஒன்பது கோரிக்கைகளை மனசுக்குள் சொல்லுவாள். கூலி உயர்வில் தொடங்கி, பெண்கள் கழிப்பறைக்குக் கதவு என்பதில் முடியும். முதலாளி கஜ்ஜேரோ ஒருநாள் கையில் கடிகாரத்தோடு வந்து இரண்டையும் அளந்து பார்த்தார். இரண்டும் பதினாறு விநாடி. சொர்க்கத்துக்கும் புரட்சிக்கும் ஒரே தூரம்தான் என்று தெரிந்து நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

எர்சிலியா ரயில்வே கேட் காவலரின் மகள். பத்தொன்பது வயதில் ஆலைக்கு வந்தாள். அப்போது அங்கே செய்தது நச்சுப்புகை மாஸ்க். சோதனை இதேதான், குனிவும் ஜெபமும் மாறவில்லை. போர் வந்தது. ரெக்கோவின் ரயில் பாலத்தைக் குறிவைத்து வானத்திலிருந்து என்னென்னவோ விழுந்தன; பாலத்தைத் தவிர ஊரில் எல்லாம் போயிற்று. நச்சுப்புகை மட்டும் கடைசிவரை வரவே இல்லை. போர் முடிந்தபோது கிடங்கில் ஆயிரக்கணக்கான மாஸ்க்குகள் யாரையும் காப்பாற்றாமல் கிடந்தன. கஜ்ஜேரோ அந்த அச்சையே எடுத்து, குழாயை வெட்டிவிட்டு, முன்னால் ஒரு வட்டக் கண்ணாடியைப் பதித்தார். "கடல்கன்னி" என்று பெயர் வைக்கத்தான் நினைத்தார். மாட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் தேரை போல இருந்ததால் "ரோஸ்போ", தேரை என்றே வைத்துவிட்டார். விற்பனையில் அவருக்கு உண்மை பேச வராது. இந்த ஒரு விஷயத்தில் வந்துவிட்டது.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னச் சீட்டு இருக்கும்: "கையால் சோதித்தது", அதன் கீழே ஓர் எண். எர்சிலியாவின் எண் ஏழு. மற்றப் பெண்களுக்கு அது ஒரு ரப்பர் முத்திரை. அவளுக்கு அது கையெழுத்து. நூறு மாஸ்க்குக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மத்தியான மணி அடித்ததும் ஆலைக்குப் பின்னால் இருக்கும் பாறையிலிருந்து கடலில் குதிப்பாள். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. ஈரத் தலையோடு திரும்பி வந்து, ஒரு கையில் போகாச்சா அப்பமும் மறு கையில் முத்திரையுமாக மாலை வேலையைத் தொடங்குவாள். பாதிரியார் முதல் வருஷம் நீச்சலுடையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இரண்டாம் வருஷம், கீழே நண்டு இருக்கிறதா என்று விசாரித்தார்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு முள். வருஷத்துக்கு நாலைந்து கடிதங்கள் வரும். அலுவலகத்தார் எண் ஏழு போட்டவற்றை அவளிடம் தள்ளிவிடுவார்கள். ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொன்று. எல்லாம் ஒரே புகார்தான்: தண்ணீர் வருகிறது. திராபனியிலிருந்து ஒரு போலீஸ் மார்ஷல் எழுதியிருந்தார்: "என் மனைவி மாட்டினால் சொட்டு வருவதில்லை. நான் மாட்டினால் மூழ்கிப் போகிறேன். தங்கள் சரக்கு எங்கள் வீட்டில் யார் பக்கம் என்பதைத் தெரியப்படுத்தவும்." அலுவலகம் எல்லாருக்கும் ஒரே பதில் அனுப்பும்: "வாரை இன்னும் இறுக்கவும்." எர்சிலியாவுக்குத் தெரியும், வாரில் கோளாறு இல்லை. எதில் கோளாறு என்பதுதான் தெரியவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மே மாதம் மிலானிலிருந்து விளம்பரக்காரர் டாக்டர் ரவிட்ஸா வந்து இறங்கினார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மிலானில் புத்தகம் திறந்தவர்கள் எல்லாருமே டாக்டர்கள். வெயிலில் கம்பளிக் கோட்டு. அதுவரை ரோஸ்போ சுவரொட்டியில் ஓவியர் வரைந்த பெண் ஒருத்தி, இருக்கிற துணியைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரவிட்ஸா அவளை ஒரே பேச்சில் வேலையைவிட்டு நீக்கினார்.

"பொண்ணு படத்தைப் பாக்கறவன் பொண்ணைத்தான் பாப்பான், கமெந்தாதோரே. மாஸ்க்கை எவன் பாக்கறான்? ஒரு ஆம்பளையப் போடுங்க. உப்புல ஊறின மூஞ்சி. அவனைப் பாத்தா, இவன் மூச்சுவிட மேல வரவே மாட்டானோன்னு தோணணும்."

கமெந்தாதோரே என்பது கஜ்ஜேரோவுக்கு அரசாங்கம் கொடுத்த பட்டம். எதற்குக் கொடுத்தார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியுமா என்பது சந்தேகம்.

அந்த மூஞ்சியை ரவிட்ஸா கமோலித் துறையில் கண்டுபிடித்தார். அகொஸ்தீனோ ஸ்கியாஃபினோ, ஊர் கூப்பிடுவது கொஸ்தீன். சூரைமீன் வலை பாறையில் சிக்கினால் முங்கி அவிழ்த்துவிடுகிறவன், வயது நாற்பத்தொன்று. அவனுடைய தாத்தா பாய்மரக் கப்பல் கேப்டன். கேப் ஹார்ன் முனையைப் பதினேழு தடவை சுற்றியவர். வீடு, கடல்வரைபடம், வெள்ளிக்கடிகாரம் எல்லாம் மற்றப் பேரன்களுக்குப் போயிற்று. கொஸ்தீனுக்கு வந்தது மீசை. துடுப்புப் படகைவிடப் பெரிதான எதையும் அவன் ஓட்டியதில்லை. ஆனால் அந்த மீசையைப் பார்த்தால் மூன்று பாய்மரமாவது பின்னால் நிற்கிறது என்று தோன்றும்.

அவனும் எர்சிலியாவும் எட்டு வருஷமாக நிச்சயம் செய்துகொண்டவர்கள். கல்யாணம் நடக்காததற்குக் காரணம் மீசைதான் என்று ஊர் சொல்லும். "அதை எடு, மறுநாளே கோயிலுக்கு வர்றேன்" என்று அவள் ஞாயிறுதோறும் சொல்லுவாள். "வேற எது வேணாலும் கேளு" என்பான் அவன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இதில் இரண்டு பேருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை; ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சண்டை கைவசம் இருப்பது சௌகரியம்தானே.

படம் எடுக்கிற நாளன்று ஆலைப் பெண்கள் எல்லாரும் பாறைமேல் கூடிவிட்டார்கள். கமெந்தாதோரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஸ்தீன் புத்தம்புது ரோஸ்போவை மாட்டிக்கொண்டு, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாத்தாவின் கம்பீரத்தோடு குதித்தான்.

மேலே வந்தபோது மாஸ்க்கில் பாதிக்குமேல் தண்ணீர். உள்ளே மீசையின் மேல்ஓரம் கடற்பாசி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண் தண்ணீருக்கு மேலே, ஒரு கண் கீழே.

"அடி எர்சிலியா, உன் ஆள் மீன்தொட்டியை மாட்டிக்கிட்டு வர்றான்டி!" என்று பால்மீரா கூவினாள்.

"இறால் இருக்கு பாரு உள்ள! மூக்குக்கிட்ட!"

"அது இறால் இல்லைடி, கேப்டன் மீசை!"

கொஸ்தீன் மாஸ்க்கைக் கழற்றிக் கவிழ்த்துவிட்டு, "அலை ஜாஸ்தி" என்றான். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றியதுபோல இருந்தது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை அது. தண்ணீர் மட்டும் ஒட்டவில்லை என்று சொல்ல முடியவில்லை. மூன்று மாஸ்க் மாற்றினார்கள், மூன்றிலும் மீன்தொட்டி. வாரை இறுக்கினார்கள், மூக்கு சிவந்தது, தண்ணீர் வந்தது.

எர்சிலியா சிரிக்கவில்லை. நாற்பத்தொரு கடிதமும் அவள் தலைக்குள் ஒரே நேரத்தில் பிரிந்தன. திராபனி மார்ஷல், அவர் மனைவி. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவருடைய பத்து வயது மகன். யார் மாட்டினால் வருகிறது, யார் மாட்டினால் வரவில்லை! பதினேழு வருஷமாக இந்த ஆலையில் மாஸ்க் மாட்டிப் பார்த்தது எல்லாம் பெண்கள். இத்தாலியில் கடலுக்குள் தலையை விடுகிறவர்களோ பாதிப் பேர் மீசைக்காரர்கள். ஒரு மீசைகூட இதுவரை சோதனை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ரவிட்ஸா கலங்கவில்லை. "கடல் எதுக்கு? பாறைமேல நிக்கட்டும், தலையில ஒரு வாளி தண்ணி ஊத்துங்க. படத்துல எல்லாம் ஒண்ணுதான். கீழே பெரிசா 'ஒரு சொட்டுகூட இல்லை.' அதுக்குக் கீழே 'கையால் சோதித்தது, எண் ஏழு.' நிஜ முத்திரை, நிஜ எண். ஜனங்களுக்கு அது பிடிக்கும்."

"பாத்தியா எர்சிலியா," என்றார் கமெந்தாதோரே பெருமையோடு, "உன் எண்ணை ஜெனோவா பூரா ஒட்டப் போறோம்."

"ஒட்ட முடியாது, கமெந்தாதோரே. நான் முத்திரை குத்த மாட்டேன்."

"ஏன்?"

"சொட்டு வருது. இப்பத்தானே எல்லாரும் பாத்தோம்?"

"படத்துல வராதும்மா."

"படத்துல மூச்சும் வராது. கடல்ல வேணும்."

கமெந்தாதோரே நாற்காலியைவிட்டு எழுந்தார். "சனிக்கிழமை மத்தியான ரயில்ல டாக்டர் கிளம்பறார். அதுக்குள்ள முத்திரை விழணும். இல்லேன்னா அந்த நாற்காலியையும் எண்ணையும் பால்மீராவுக்குக் குடுத்துடுவேன். நீ ரப்பர் காய்ச்சற கூடத்துல கந்தகப்பொடி அள்ளலாம்."

"எனக்கு வேணாம்," என்றாள் பால்மீரா. "ஒன்பது கோரிக்கையில அது இல்லை."

அன்று வியாழன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கொஸ்தீன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். "ஆயுசுல ஒரே ஒரு தடவை என்னைச் சுவத்துல ஒட்டறேங்கறாங்க. கட்டிக்கப்போறவ வந்து கிழிக்கறா. என்ன குறைஞ்சுடும் உனக்கு?"

"எண் குறைஞ்சுடும்."

"வெறும் எண்ணுதானே?"

"உன்னுது வெறும் மயிருதானே?"

கொஸ்தீன் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டான். ஆனால் மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டதும் பாறைக்கு வந்துவிட்டான். அவனுடைய கோபம் படகைப்போலத்தான், இழுத்தால் வரும்.

இருவரும் மாஸ்க் மாட்டிக்கொண்டு ஒன்றாக முங்கினார்கள். நீருக்கடியில் எர்சிலியா தன் கண்ணாடியை அவன் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு அக்கறையாக அவள் பார்த்ததில்லை. அவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டு கண்ணடித்தான். அவள் கவனித்தது ரப்பர் விளிம்பை. நெற்றியில் தண்ணீர் நுழையவில்லை, கன்னத்தில் இல்லை. மூக்குக்கு நேர் கீழே, விளிம்பு மேலுதட்டில் உட்காருகிற இடத்தில் மட்டும், மயிர்க்கால்களுக்கு நடுவே ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பெரிய மீசையின் மீதி எல்லாம் விளிம்புக்குக் கீழே, மாஸ்க்குக்கு வெளியே, ஒரு பாவமும் அறியாமல் மிதந்தது.

ஆலையில் ஒரு மாஸ்க் தேறாவிட்டால் முழுசையும் தூக்கி எறிய மாட்டார்கள். சாக்கட்டியால் கோடு போட்டு, பிசிறு இருக்கிற அந்த ஒரு கோட்டை மட்டும் சீவுவார்கள். இதைப் பதினேழு வருஷமாகச் செய்தவள் மேலே வந்ததும் பாறைமேல் கழற்றி வைத்திருந்த பாவாடையின் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தாள்.

"என்ன பண்றே?" என்றான் கொஸ்தீன்.

"ஆடாதே." மூக்குக்குக் கீழே அவன் மீசையின் மேல்விளிம்பில் ஒரு கோடு போட்டாள். பிறகு சீவுகத்தியை எடுத்தாள்.

"எர்சி! தாத்தா கேப் ஹார்னைப் பதினேழு தடவை..."

"தாத்தா சுத்தின மீசையை நான் தொடலை. தாத்தா மூக்கு மறைச்ச பாகம் ஒரு விரற்கடை. அதை அவரே பாத்திருக்க மாட்டார்."

"எட்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தியா?"

"எட்டு வருஷமா முழுசா கேட்டேன், குடுக்கலை. இப்பக் கால் பங்குதான் கேக்கறேன். யோசிச்சுப் பாரு, லாபம் உனக்குத்தான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கல்யாணத்துக்காக எடுக்க மறுத்த மீசையை ஒரு ரப்பர் துண்டுக்காக எடுக்க உட்கார்ந்திருக்கிறோமே என்பது அவனுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றினாலும் கத்தி மூக்கடியில் இருக்கும்போது வாயைத் திறக்கிற நேரமில்லை. சோப்புக்குப் பதில் ஆலிவ் எண்ணெய். முடிந்ததும் அவள் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். எதிரே இருந்தவன் அதே கொஸ்தீன். மூக்குக்கும் மீசைக்கும் நடுவில் ஒரு சின்ன வெள்ளைச் சந்து. மூக்கின் நிழலிலேயே பாதி மறைந்துவிட்டது.

"வாரை அவிழு. மூக்கால இழு. குனி."

குனிந்தான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு ஜெபம் முழுவதையும் நிதானமாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள். ஆமென் வந்தது. மாஸ்க் முகத்திலேயே இருந்தது. அவன் அப்படியே, வார் இல்லாமலே, பாறையிலிருந்து முங்கிவிட்டான். மேலே வந்தபோது கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் காய்ந்த கண்கள். "அடியே, உலர்ந்து கிடக்கு!" என்று கத்தினான். பிறகு ஆசை தீரும்வரை முங்கி முங்கி எழுந்தான், அவளும் குதித்தாள். அன்றைக்கு மாலை வேலைக்கு எண் ஏழு கால் மணி நேரம் தாமதம். ஆலையின் பதிவில் அவளுக்கு அது முதல் தடவை.

சனிக்கிழமை காலை ரவிட்ஸாவின் கேமரா முன்னால் அவன் வார் இல்லாத மாஸ்க்கோடு கடலிலிருந்து எழுந்தான். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கண்ணாடிக்குள் ஒரு பொட்டு ஈரமில்லை. ரவிட்ஸா கம்பளிக் கோட்டோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"இதுதான்! இதுக்குமேல ஒண்ணும் வேணாம்! எங்கம்மா முத்திரை?"

"ஒரு வரி சேக்கணும்," என்றாள் எர்சிலியா. ஒரு சீட்டை நீட்டினாள். அதில் இருந்தது: "மீசை உள்ளவர்கள் மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை மழிக்கவும்."

ரவிட்ஸா அதை இரண்டு தடவை படித்தார். "விளம்பரத்துல வாங்கறவனுக்கு வேலை வைக்கறதா? அம்மா, காசு குடுக்கறவன்கிட்ட 'நீங்க இப்படியே அழகா இருக்கீங்க'ன்னுதான் சொல்லணும். போய் மூஞ்சிய சீவிக்கிட்டு வான்னா சொல்றது?"

"மழிக்காதவனுக்குத் தண்ணி வரும். அப்ப 'ஒரு சொட்டுகூட இல்லை'ங்கறது பொய். பொய்க்குக் கீழே என் எண் இருக்காது."

"கமெந்தாதோரே, நீங்க சொல்லுங்க!"

கமெந்தாதோரே தொண்டையைச் செருமினார். "எர்சிலியா, ஆம்பளைங்க மீசை விஷயத்துல இப்படியெல்லாம் தலையிடறது..."

அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஊரே தினமும் பார்க்கிற முகம்தான். நரைத்த, மெழுகு போட்டு முறுக்கிய, பட்டத்துக்குப் பொருத்தமான மீசை.

"நம்ம மாஸ்க்கை நீங்க மாட்டிப் பாத்திருக்கீங்களா?"

"நானா? நான் செய்யறவன்மா."

"ஒரே ஒரு தடவை. பதினாறு விநாடி."

பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறுக்க வழியில்லை. அவர் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் இழுத்து, கையை எடுத்துக் குனிந்தார். எர்சிலியா உரக்கத் தொடங்கினாள்: "அருள் நிறைந்த..." 'மரியே' வருவதற்குள் மாஸ்க் அவர் பூட்ஸ்மேல் விழுந்தது.

"கூலி உயர்வுகூட முடியலை," என்றாள் பால்மீரா.

கமெந்தாதோரே குனிந்தபடியே சிறிது நேரம் தன் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது காதெல்லாம் சிவந்திருந்தது. கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, நிற்கவே இல்லை. "ஒன்பது வருஷமா எல்லாருக்கும் வாரை இறுக்கச் சொல்லிக்கிட்டிருந்தேனே! ஒன்பது வருஷமா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு ரவிட்ஸாவிடம் திரும்பினார். "வரியைப் போடுங்க, டாக்டர். சின்ன எழுத்துல வேணாம். படிக்கற மாதிரி போடுங்க."

எர்சிலியா முத்திரையை மையில் ஒற்றி, ரவிட்ஸா நீட்டிய தாளின் மூலையில், சாயாத ஏழாகப் பார்த்துக் குத்தினாள்.

விளம்பரக்காரர் சொன்னதற்கு நேர்மாறாக நடந்தது. சும்மா விற்கிற பொருளை யாரும் நம்புவதில்லை. நிபந்தனை போட்டு விற்றால் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கோடைக்குள் ஜெனோவாவிலிருந்து செஸ்த்ரி வரை கடற்கரைகளில் மூக்கடியில் வெள்ளைச் சந்தோடு ஆண்கள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார்கள். கடலுக்குள் போகாதவர்கள்கூட மழித்துக்கொண்டார்கள் என்று பேச்சு. நாவிதர்கள் அதற்குத் தனியாக ஒரு விலை சொன்னார்கள்.

ஜூன் கடைசியில் கொஸ்தீன் எர்சிலியாவை ஜெனோவாவுக்கு ரயிலில் அழைத்துப் போனான். பிரிஞ்ஞோலே நிலையச் சுவரில் அவன் ஆள் உயரத்தில் ஒட்டப்பட்டிருந்தான். ஞாயிற்றுச் சட்டையோடு சுவரொட்டியின் பக்கத்திலேயே, அதே முகத்தோடு, தலையைக் கொஞ்சம் திருப்பி நின்றுகொண்டான். அரை மணி நேரம் நின்றான். ஜனங்கள் வந்தார்கள், போனார்கள். படத்தில் இருப்பதில் பாதி மாஸ்க், கால்வாசி தண்ணீர், மீதிக்கு மீசை. யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. ஒரு கிழவி மட்டும் லா ஸ்பெத்ஸியா ரயில் எப்போது என்று கேட்டாள்.

"தாத்தாவை எல்லாத் துறைமுகத்துலயும் தெரியுமாம்," என்றான்.

"அவரைச் சுவத்துல ஒட்டலையே. இன்னும் அஞ்சு நிமிஷம் நில்லு."

மீசைக்கார மனிதர் ஒருவர், கையில் பெட்டி, அவசர நடை, சுவரொட்டியைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். கொஸ்தீன் நிமிர்ந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. படத்தில் இருந்தவனையும் பார்க்கவில்லை. கீழே இருந்த வரியை உதடு அசையப் படித்தார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலை மூக்குக்குக் கீழே படுக்கையாக வைத்து அளந்து பார்த்தார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. திருப்தியானதும் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

"பாரு," என்றான் கொஸ்தீன், கோபம் வர முயன்று சிரிப்பு வந்துவிட்ட குரலில். "என்னை ஒட்டியிருக்காங்க. உன்னைப் படிக்கறாங்க."

எர்சிலியா அடுத்த மீசை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.